மெருகேற மறுத்த குரல்: ஹேசல் டிக்கின்ஸ் அம்மையாரின் வாழ்வும் இசைத்தட்டுகளும்

அமெரிக்கக் கன்ட்ரி இசை என்றதும் எம்மவரில் மூத்த தலைமுறையினருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜிம் ரீவ்ஸ். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பிலே அவரது குரல் அடிக்கடி தவழ்ந்து வரும். 1964ஆம் ஆண்டு விமான விபத்தொன்றில் அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் அவரது பாடல்களை முணுமுணுத்துத் திரிந்தோர் எம்மிடையே பலர். பட்டுப் போன்ற குரல்; பின்னணியிலே மெல்ல இழையும் வயலின்கள்; எங்கும் ஒரு பிசிறு இராது. கன்ட்ரி இசை என்பதே இதுதான் என்று நாமும் நீண்டகாலம் நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தது நூலகமொன்றில் நாம் இரவல் வாங்கிய ஓர் இசைத்தட்டு. வீட்டிலே அதனைப் போட்டபோது, அடுத்த அறையிலிருந்த பிள்ளைகள் ஓடி வந்து, "யார் அழுகிறது?" என்று கேட்டார்கள். அழுகையன்று, பாட்டுத்தான். வாத்தியம் எதுவுமின்றி, ஒரு பெண்குரல் மட்டும், தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகின்றது. ஏறியவிடத்திலே சற்று உடைகின்றது. உடைந்ததை மறைக்க முயலாமலே அடுத்த அடிக்குப் போகின்றது. நிலக்கரித் தூசு நுரையீரலிற் படிந்து இறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைப் பற்றிய பாடல் அது. இறந்தவர் பாடுபவரின் உடன்பிறந்த அண்ணன் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பாடியவர் ஹேசல் டிக்கின்ஸ் அம்மையார். ஜிம் ரீவ்ஸை அறிந்த அளவுக்கு உலகம் இவரை அறியவில்லை. விற்பனைப் பட்டியல்களிலே இவரது பெயரைத் தேடுவது வீண். ஆயினும் அமெரிக்காவின் நிலக்கரி மலைகளிலே, தொழிலாளர் கூட்டங்களிலே, இந்த இசையின் ஆழத்தை அறிந்தவர்களிடத்திலே இவருக்குள்ள மதிப்புத் தனியானது. அவரது வாழ்வையும் அவர் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகளையும் பற்றி இவ்வாரம் சிறிது விரிவாகவே எழுத விரும்புகின்றோம்.

மலையும் கரியும்

மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் தென்கோடியிலே மேர்சர் என்றொரு மாவட்டம் உண்டு. அங்குள்ள மொன்ற்காம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர் ஹேசல். பதினொரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் எட்டாமவர். தந்தையார் சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கும் மரங்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்தவர். கூடவே பழைய மரபைச் சேர்ந்த பப்ரிஸ்ற் சபையொன்றின் போதகர். சகோதரர்கள் கரி வெட்டப் போனார்கள். அக்காலத்துச் சுரங்க ஊர்களிலே குடியிருந்த வீடும் கொம்பனிக்குச் சொந்தம். அரிசி, மா வாங்கும் கடையும் கொம்பனிக்குச் சொந்தம். சம்பளத்தின் பெரும்பகுதி கொடுத்த கைக்கே திரும்பிப் போய்விடும்.

இந்தச் சபையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஹேசலின் குரலை விளங்கிக்கொள்ள முடியாது. அவர்களது வழிபாட்டில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. வெறும் குரல் மாத்திரமே. சுருதி பிடிக்க ஓர் ஆர்மோனியங்கூடக் கிடையாது. ஆகவே குரல்தான் சுருதி, குரல்தான் தாளம், குரல்தான் எல்லாம். அழகுபடுத்திப் பாடுதல் அங்கே ஒரு குற்றம் போன்றது. உரத்து, நேராக, உள்ளத்திலிருந்து பாடவேண்டும். தந்தையார் சபைக்கு வெளியே பாஞ்சோ வாசிப்பார். சனிக்கிழமை இரவுகளிலே நாஷ்வில் நகரத்திலிருந்து வரும் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' வானொலி நிகழ்ச்சியை வீட்டார் கூடியிருந்து கேட்பர். பிற்காலத்தில் ஹேசல் பாடிய எல்லாவற்றிலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த மலைகளுக்குப் பெரும் இடி விழுந்தது. கரி வெட்டும் இயந்திரங்கள் சுரங்கத்தினுள் இறங்கின. பத்துப் பேர் செய்த வேலைக்கு இருவர் போதும் என்றாயிற்று. 1940களின் இறுதியில் மேற்கு வேர்ஜினியாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சுரங்கங்களில் வேலை செய்தனர். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. வேலையிழந்த குடும்பங்கள் டிற்ரொயிற், சிக்காகோ, சின்சினாற்றி, பால்ரிமோர் ஆகிய நகரங்களை நோக்கிப் புறப்பட்டன. அவ்வாறு சென்றவர்கள் இலட்சக்கணக்கானோர். 1950களின் தொடக்கத்தில், இளம்பெண்ணாக, ஹேசலும் பால்ரிமோருக்குச் சென்றார்.

இங்கே எமது வாசகர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். ஹேசல் அகதியல்லர். அவரது ஊரின் மீது எவரும் குண்டு போடவில்லை. கடவுச்சீட்டும் விசாரணையும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஊர் நினைவு மிகுந்தால் பேருந்தேறிப் போய்வர முடிந்தது. இந்த வேறுபாடு சிறியதன்று. இருப்பினும், நகரத்துத் தொழிற்சாலையில் அவர் வாய்திறந்து பேசியதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள் என்பதை வாசிக்கும்போது எம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்காருவோம்! மலைநாட்டாரை இழிவாகக் குறிக்க 'ஹில்பில்லி' என்றொரு சொல் இருந்தது. பேச்சைக் கேட்டதும் அச்சொல் வரும். அவர் தகரப்பேணி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேறு பல வேலைகளும் பார்த்தார். ஒரே நாட்டுக்குள், ஒரே மொழி பேசுவோரிடையே, பேச்சின் ஓசை ஒன்றினாலேயே ஒருவர் அந்நியராக்கப்பட்டார்.

காசநோய் மருத்துவமனையிலே ஒரு சந்திப்பு

ஹேசலின் வாழ்வைத் திசை திருப்பிய சந்திப்பு நிகழ்ந்த விதம் வியப்புக்குரியது. அவரது சகோதரர் ஒருவர் காசநோயால் பீடிக்கப்பட்டு பால்ரிமோருக்கு அண்மையிலுள்ள மவுண்ட் வில்சன் மருத்துவமனையில் இருந்தார். அதே மருத்துவமனையில் மைக் சீகர் என்னும் இளைஞர் வேலை செய்துகொண்டிருந்தார். இராணுவ சேவையை மனச்சாட்சியின் பேரில் மறுத்தமையால், அதற்குப் பதிலாக அங்கே பணிசெய்ய அனுப்பப்பட்டவர் அவர். புகழ்பெற்ற பாடகர் பீற் சீகரின் தம்பி முறையானவர். இசை ஆய்வாளர் குடும்பத்திற் பிறந்தவர். பழைய மலைப் பாடல்களைத் தேடி அலைந்த அவருக்கு, அப்பாடல்களையே மூச்சாகக் கொண்ட ஒரு குடும்பம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. டிக்கின்ஸ் குடும்பத்தாரின் வீட்டிற்குப் போய் அவர்களுடன் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்.

எந்தப் பாட்டைக் கேட்டு நகரத்தார் நகைத்தார்களோ, அந்தப் பாட்டைக் கற்க நகரத்திலிருந்தே படித்த ஓர் இளைஞர் தேடி வந்து நின்றார். தாம் கொண்டுவந்த பொருள் மதிப்புள்ளதுதான் என்பதை ஹேசல் உணரத் தொடங்கியது இங்கேதான்.

அந்நாட்களில் பால்ரிமோரின் மதுச்சாலைகளில் புளூகிராஸ் இசைக்குழுக்கள் பல இருந்தன. கென்ரக்கியைச் சேர்ந்த பில் மன்றோ 1940களில் உருவாக்கிய இசைமுறை இது. பாஞ்சோ, மண்டலின், வயலின், கிற்றார், பெரிய பாஸ் வாத்தியம் ஆகியவை மின்னிணைப்பின்றி விரைந்தோட, அவற்றின் மேலே உச்சத்திலே ஆண்குரல்கள் ஒலிக்கும். முற்றிலும் ஆண்களின் கோட்டை. பெண் ஒருத்தி குழுவிற் சேர்ந்தால் அவளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பாஸ் வாத்தியமும் ஓரத்திலே ஓர் இடமும். ஹேசலும் அந்தப் பாஸ் வாத்தியத்தைத் தாங்கிக்கொண்டு பல இரவுகள் நின்றவர்தான். நின்ற இடத்திலிருந்து பார்த்தவை பின்னாளிற் பாடல்களாயின.

இரு பெண்கள், நான்கு இசைத்தட்டுகள்

அலிஸ் ஜெராட் என்பவர் மேற்குக் கரையில், சியாற்றில் நகரத்திற் பிறந்து, கல்லூரியிற் படித்தவர். சுரங்கத்துக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. வோஷிங்டன், பால்ரிமோர் வட்டாரத்து இசைக்கூட்டங்களில் 1950களின் நடுப்பகுதியில் அவரும் ஹேசலும் அறிமுகமானார்கள். ஒருவர் மலையிலிருந்து வந்தவர். மற்றவர் மலையைத் தேடி வந்தவர். இருவரும் சேர்ந்து பாடத் தொடங்கினர். பெரும்பாலும் அலிஸ் பாட்டின் முதற்குரலை எடுக்க, ஹேசல் அதற்கு மேலே உச்சக்குரலைப் போடுவார். புளூகிராஸில் ஆண்கள் பாடும் அதே முறை. ஆனால் பெண்குரல்களில் அது வேறொரு கூர்மையைப் பெற்றுவிடுகின்றது.

அவர்களது முதல் இசைத்தட்டு 'ஹூஸ் தற் நொக்கிங்'. 1965இல் ஃபோக்வேஸ் வெளியிட்டது. டேவிட் கிரிஸ்மன் மண்டலினும், லமார் கிரையர் பாஞ்சோவும், சபி வைஸ் வயலினும் வாசித்தார்கள். சபி வைஸ் பில் மன்றோவின் குழுவிலேயே வாசித்தவர் என்பதைக் கவனிக்கவேண்டும். பெண்கள் இருவர் முன்னின்று நடத்திய புளூகிராஸ் இசைத்தட்டு அதற்கு முன்னர் மிக அரிது. அதே காலத்திற் பதிவான இன்னொரு தொகுதிப் பாடல்கள் ஏனோ பெட்டியில் உறங்கிக் கிடந்து, 1973இலேயே 'வோன்ற் யூ கம் அண்ட் சிங் ஃபோர் மீ' என்ற பெயரில் வெளிவந்தன. இரண்டிலும் வேகமும் உற்சாகமும் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலானவை மற்றவர்களின் பாடல்கள். மன்றோவே இவர்களை மதித்துத் தமது பாடலொன்றைக் கொடுத்தார் என்பது அக்காலத்தில் சிறிய விடயமன்று.

ஃபோக்வேஸ் நிறுவனத்தைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். அதன் நிறுவனர் மோசஸ் ஆஷ், விற்றாலும் விற்காவிட்டாலும் எந்த இசைத்தட்டையும் பட்டியலிலிருந்து நீக்கமாட்டேன் என்ற கொள்கையுடையவர். அவர் மறைந்த பின் 1987இல் அந்நிறுவனம் அமெரிக்க அரசின் ஸ்மித்ஸோனியன் நிலையத்திடம் சென்றபோதும் இக்கொள்கை தொடர்ந்தது. இல்லையேல் ஹேசல், அலிஸ் இருவரின் இளமைக் குரல்கள் எப்போதோ மறைந்திருக்கும். அவ்விரு இசைத்தட்டுகளும் 1996இல் ஒன்றுசேர்க்கப்பட்டு மீண்டும் வெளிவந்தன.

1960களின் பிற்பகுதியில் இவ்விருவரும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஓர் அசாதாரணமான சுற்றுப்பயணத்தில் கலந்துகொண்டனர். ஆன் றொமெய்ன், பேர்னிஸ் ஜோன்சன் றீகன் என்னும் இரு பெண்கள் அதனை ஒழுங்குசெய்தனர். முன்னவர் வெள்ளையர், பின்னவர் குடியுரிமைப் போராட்டத்தில் சிறைசென்ற கறுப்பினப் பாடகி. இரு இனத்துக் கலைஞர்களும் ஒரே மேடையில் தோன்றுவதே துணிகரமான செயலாகவிருந்த காலம் அது. தம் மக்களின் துன்பத்தைப் பெயர் சொல்லிப் பாடும் கறுப்பினப் பாடகர்களுடன் ஊரூராகச் சென்ற ஹேசல், தமது மக்களைப் பற்றியும் அவ்வாறே எழுதத் துணிந்தார் என்பது எமது கணிப்பு. அதன் பின்னர் எழுதப்பட்ட பாடல்களின் போக்கு அதற்குச் சான்று.

1973இல் றவுண்டர் என்னும் சிறிய நிறுவனம் 'ஹேசல் அண்ட் அலிஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. எம்மைக் கேட்டால் இருவரும் சேர்ந்து செய்தவற்றுள் இதுவே முதன்மையானது. இதில்தான் மதுச்சாலைப் பெண்களைப் பற்றிய ஹேசலின் புகழ்பெற்ற பாடல் இருக்கின்றது. மதுச்சாலையிற் 'கெட்டுப்போன' பெண்ணைப் பழித்துப் பாடுவது கன்ட்ரி இசையின் பழைய வழக்கம். 1952இல் கிற்றி வெல்ஸ் அதற்குப் பதில்கூறிப் பாடியது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஹேசல் இன்னும் ஒரு படி மேலே போனார். அவள் அங்கே வந்து நிற்பதற்கு நீயும் ஒரு காரணமல்லவா, பின்னர் எந்த வாயால் அவளைப் பழிக்கின்றாய் என்று ஆண்மகனை நேர்நின்று கேட்கின்றது பாடல். இது நூலைப் படித்துக் கற்ற பெண்ணுரிமையன்று. பாஸ் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு மேடையோரத்தில் நின்று கண்ணாற் கண்டது.

இந்த இசைத்தட்டின் தாக்கத்திற்கு ஒரு சான்று. கென்ரக்கியில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த நேயோமி ஜட் என்னும் தாயும் அவரது மகள் வைனோனாவும் இதனைக் கேட்டுக் கேட்டே இணைந்து பாடப் பழகினார்கள். 1980களில் அவ்விருவரும் 'த ஜட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவெங்கும் கொடிகட்டிப் பறந்தனர். மூலத்தைத் தந்தவர்களுக்கு அத்தகைய செல்வம் கிட்டவில்லை. 1976இல் இன்னொரு இசைத்தட்டை வெளியிட்டபின் ஹேசலும் அலிஸும் தத்தம் வழியே பிரிந்தனர்.

எழுபத்தெட்டுப் பேர்

1968 நவம்பர் 20ஆம் திகதி அதிகாலை. மேற்கு வேர்ஜினியாவின் வடபகுதியில், ஃபார்மிங்டன், மனிங்டன் என்னும் ஊர்களுக்கு அருகேயிருந்த பெரிய சுரங்கமொன்று வெடித்தது. இரவு வேலையில் இருந்தவர்கள் 99 பேர். 21 பேர் தப்பினர். தீ அணையவில்லை, பத்து நாட்களின் பின்னர், உள்ளே 78 பேர் இருக்க, காற்றுப் புகாவண்ணம் சுரங்கத்தின் வாயில்கள் அடைக்கப்பட்டன. பின்னாளில் திறந்து தேடியபோதும் 19 பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. உடலைக் காணாமல் ஒருவரை இறந்தவர் என்று ஏற்றுக்கொள்வது எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

ஹேசல் இதனைப் பாடலாக்கினார். அந்த மரணங்களின் கோபம் அடங்குமுன்னரே, 1969 பெப்ரவரியில் மேற்கு வேர்ஜினியாவின் சுரங்கத் தொழிலாளர் நாற்பதினாயிரம் பேரளவில் வேலையை நிறுத்தினர். கரித்தூசு நோய்க்கு நட்டஈடு வேண்டும் என்பது கோரிக்கை. அதுவரை அந்நோயை நோயென்றே ஒப்புக்கொள்ளாத மருத்துவர்கள் இருந்தார்கள். புகைத்தலால் வந்தது, முதுமையால் வந்தது என்று சான்றிதழ் எழுதினார்கள். மூன்று வாரங்களில் மாநிலச் சட்டம் மாறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசும் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஹேசலின் அண்ணன் போன்றவர்களுக்கு அது காலங்கடந்து வந்த மருந்து. இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கூறிய 'பிளாக் லங்' பாடல் அவருக்காக எழுதப்பட்டதே.

அப்பாடலை ஏன் வாத்தியமின்றிப் பாடினார்? தந்தையின் சபையில் பிரேதத்தின் அருகே நின்று பாடும் முறையும் அதுதானே. மூச்சுக்கு ஏங்கி இறந்தவனைப் பற்றிய பாட்டில், பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழுகின்றது. கிற்றார் ஒன்று இருந்திருந்தால் அது மறைந்திருக்கும்.

இன்னொரு பாடலையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1969இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைப் பதவிக்கு ஜொசெப் யப்லொன்ஸ்கி என்பவர், அப்போதைய தலைவர் ரோனி பொயிலை எதிர்த்துப் போட்டியிட்டார். தேர்தலில் தோற்றார். அவ்வாண்டின் கடைசி நாளிரவில் தமது வீட்டிலேயே மனைவியுடனும் மகளுடனும் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பின்னால் சங்கத் தலைவரே இருந்தார் என்று நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வருமுன்னரே, 1973இல், அந்தக் கொலையைப் பற்றிய ஹேசலின் பாடல் 'கம் ஓல் யூ கோல் மைனர்ஸ்' என்ற இசைத்தட்டில் வெளிவந்துவிட்டது. தொழிற்சங்கமே தொழிலாளியின் ஒரே அரண் என்று வாழ்நாள் முழுவதும் பாடியவர் அவர். சுரங்க முதலாளியின் குற்றத்தைப் பாடினால் தம்மவர் கைதட்டுவர். தம் பக்கத்தாரின் கையிற் படிந்த இரத்தத்தைப் பாடினால் அப்படியில்லை. அதையும் அவர் பாடினார். பாடிவிட்டுச் சங்கத்தை விட்டு ஓடவுமில்லை. சீர்திருத்தம் கேட்டு நின்றவர்களின் கூட்டங்களுக்கு மீண்டும் மீண்டும் போய்ப் பாடினார். இந்த ஒரு செயலுக்காகவே அவரை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

ஹேசலின் குரல் சுரங்க ஊர்களுக்கு அப்பால் கேட்டது ஒரு திரைப்படத்தினாலே. கென்ரக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் 1973இல் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாக நடைபெற்ற வேலைநிறுத்தத்தை பார்பரா கொப்பிள் என்னும் இளம் இயக்குநர் களத்திலேயே தங்கிப் படம்பிடித்தார். லோரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே அப்போராட்டம் முடிவுக்கு வந்தது. 'ஹார்லன் கவுன்ரி யூ.எஸ்.ஏ.' என்ற அந்த விவரணப்படம் 1976இல் வெளியாகி, சிறந்த விவரணப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அதிலே ஹேசலின் பாடல்கள் ஒலிக்கின்றன. 1987இல் ஜோன் செயில்ஸ் இயக்கிய 'மேற்வான்' திரைப்படத்திலும் தோன்றிப் பாடினார். 1920இல் மேற்கு வேர்ஜினியாவில் நிகழ்ந்த சுரங்கத் தொழிலாளர் மோதலைச் சித்திரிக்கும் படம் அது.

தனித்துப் பாடிய ஆண்டுகள்

அலிஸைப் பிரிந்தபின் ஹேசல் வெளியிட்ட தனி இசைத்தட்டுகள் மூன்றே மூன்று: 1980இல் 'ஹார்ட் ஹிற்றிங் சோங்ஸ் ஃபோர் ஹார்ட் ஹிற் பீப்பிள்', 1983இல் 'பை த ஸ்வெற் ஒஃப் மை புரோ', 1987இல் 'இற்ஸ் ஹார்ட் ரு ரெல் த சிங்கர் ஃப்ரொம் த சோங்'. மூன்றும் றவுண்டர் வெளியீடுகள். அரைநூற்றாண்டு பாடிய ஒருவருக்கு இது மிகக் குறைந்த தொகை. பாட்டினால் மட்டும் வாழ முடியாத ஆண்டுகளில் வோஷிங்டனில் கடைவேலையும் பார்த்தவர் அவர் என்பதையும் இதனுடன் சேர்த்தே எண்ணவேண்டும்.

மூன்றையும் ஒரே தரத்தில் வைக்க முடியாது. நடுவிலுள்ளதிற் சில பாடல்களுக்கு நாஷ்வில் பாணியிலே அமைக்கப்பட்ட வாத்தியப் பின்னணி அவரது குரலுடன் ஒட்டவில்லை என்பது எமது அபிப்பிராயம். பட்டுச்சேலைக்குச் சாக்குத் தையல் போட்டதுபோல என்று சொல்வார்கள், இங்கே அது தலைகீழாக நடந்திருக்கின்றது. முதலாவது இசைத்தட்டிலோ குரல் தன் இயல்பிலே நிற்கின்றது. பிறந்த மாநிலத்தை நோக்கிப் பாடும் 'வெஸ்ற் வேர்ஜினியா மை ஹோம்' அதிலேதான் உள்ளது. ஊரைவிட்டு வந்ததற்காகத் தம்மையே நொந்துகொள்ளும் பாடல் அது. ஊரைப் பொன்னூராகக் காட்டும் பாடல்கள் எங்கும் மலிந்து கிடக்கின்றன. வந்தது தவறோ என்று தன்னைத்தானே கேட்கும் பாடல்கள் குறைவு. அதனாலேயே அது அங்கிருந்து புறப்பட்ட குடும்பங்களுக்கெல்லாம் சொந்தப் பாடலாகிவிட்டது.

'மாமாஸ் ஹாண்ட்' இன்னொன்று. தாயின் கையை விட்டுப் பிரிந்த கணத்தைத் தவிர வேறெதையும் அப்பாடல் பேசவில்லை. பயணத்தின் நீளமோ, நகரத்தின் வெளிச்சமோ அதில் இல்லை. அந்தக் கை மட்டுமே. பின்னர் லின் மொறிஸ் என்னும் பாடகி இதனைப் பதிவுசெய்ய, 1996இல் சர்வதேச புளூகிராஸ் சங்கம் ஆண்டின் சிறந்த பாடலாக அதனைத் தெரிவுசெய்தது. லின் மொறிஸ் பாடுவதும் நன்றாகவே இருக்கின்றது. குரல் அழகானது, சுருதி சுத்தமானது. ஆயினும் ஹேசல் பாடும்போது, கை நழுவும் இடத்தில் குரலும் ஒரு கணம் நழுவுகின்றதே, அது எழுதியவருக்கே வாய்க்கும்.

இவரது குரல் கரடுமுரடானது, செவிக்கு இதமற்றது என்று கூறியவர்கள் அன்றும் இருந்தார்கள். எமது வீட்டிலும் இருக்கிறார்கள்! பால்ரிமோரில் பல ஆண்டுகள், பின்னர் வோஷிங்டனில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த ஒருவருக்கு நகரத்துப் பேச்சும் நகரத்துப் பாட்டும் வராதா என்ன? வந்திருக்கும். கேலிக்கு அஞ்சி நாவைத் திருத்திக்கொண்டோர் அவரது ஊரவரில் ஆயிரம் ஆயிரம். ஹேசல் திருத்திக்கொள்ளவில்லை. எந்த ஓசைக்காக அவரை நகைத்தார்களோ அந்த ஓசையிலேயே, சற்றும் குறைக்காமல், ஒலிவாங்கியின் முன்னே நின்றார். தமது பாடலிற் பேசப்படும் சுரங்கத் தொழிலாளி கேட்டால், பாடுவது தன் வீட்டார் என்று அவனுக்குத் தெரியவேண்டும். அவர்களுக்கு அது தெரிந்துமிருந்தது.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 2001இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. அதே ஆண்டில் அவரைப் பற்றிய விவரணப்படமொன்றும் வெளியாயிற்று. 2008இல் கன்ட்ரி இசை வரலாற்றாசிரியர் பில் மலோனுடன் சேர்ந்து 'வேர்க்கிங் கேர்ள் புளூஸ்' என்ற நூலை வெளியிட்டார். தமது பாடல்கள் ஒவ்வொன்றும் பிறந்த கதையை அதில் அவரே கூறுகின்றார். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்நூலை நூலகத்திற் கேட்டுப் பெறலாம். 2011 ஏப்ரல் 22ஆம் திகதி வோஷிங்டனில் ஹேசல் காலமானார். உடல் மேர்சர் மாவட்டத்துக்கே கொண்டுசெல்லப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. 2017இல் ஹேசல், அலிஸ் இருவரும் புளூகிராஸ் இசையின் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டபோது அலிஸ் மட்டுமே அதனைக் காண இருந்தார்.

அடுத்த ஆண்டு, 2018இல், 1965 முதல் 1969 வரையான காலத்தில் இருவரும் வீட்டிலே பாடிப் பழகியபோது பதிவான பழைய ஒலிநாடாக்கள் 'சிங் மீ பாக் ஹோம்' என்ற தொகுப்பாக வெளிவந்தன. கேட்கத் தொடங்குவோர் இதிலிருந்து தொடங்கவேண்டாம் என்பது எமது ஆலோசனை. முதலில் 1973இன் 'ஹேசல் அண்ட் அலிஸ்', பிறகு 1980இன் தனி இசைத்தட்டு. 'பிளாக் லங்' பாடலை வீட்டில் யாருமில்லாத ஒரு பொழுதிற் கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் பின்னர் அந்த ஒலிநாடாக்களைப் போட்டால், இன்னும் பேர் பெறாத இரண்டு பெண்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணத்தோடு, மற்றவர் குரலுக்குத் தன் குரலை ஏற்றியும் இறக்கியும் இடம் தேடிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம்.